கழற்றாமல் விட்ட டைமர்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் மின்சார வேலை பார்த்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியரும் அவர் மனைவியும், முன்பு சின்னத்துரை என்கிற உதவி மேலாளர் இருந்த பழைய பங்களாவின் ஒரு பக்கத்தில் குடியிருந்தார்கள். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த எங்களுக்குக் குளிரென்றால் விறகடுப்பு போதும். அவர்களுக்குப் போதவில்லை. அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பெரிய மின் ஹீட்டர் ஒன்று இருந்தது. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்த டைமர் அதைக் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும் ஓடவிடும். மற்ற நேரங்களில் ஹீட்டருக்கு மின்சாரம் போகாது.

அவர்களுக்குக் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, அறையை எந்நேரமும் ஒரே சூட்டில் வைத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருந்த ஆசிரியரின் தமையன் ஒரு தெர்மோஸ்டாட் அனுப்பினார். பேட்டரியில் ஓடுகிற, உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. அறையின் சூடு அதன் திரையில் எண்ணாகத் தெரியும். வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் அதுவே ஹீட்டரைப் போடும். சூடு வந்ததும் அணைக்கும்.

ஆசிரியர் பள்ளிக்கூடம் புறப்படுமுன் போய்ப் பொருத்தினேன். ஏழு மணிக்குச் சோதித்தபோது திரையில் நெருப்புச் சின்னம் வந்தது, ஹீட்டரும் சுட்டது. பழைய டைமரை நான் கழற்றவில்லை. கூட வந்த புத்தகத்தில் அதைப்பற்றி எழுதியிருந்திருக்கலாம். நான் படத்தை மட்டும் பார்த்தேன். நன்றாக ஓடுகிற பொருளை எதற்குக் கழற்ற வேண்டும் என்றும் நினைத்தேன்.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. இரண்டு மணிவாக்கில் பங்களாத் தோட்டக்காரர் தொழிற்சாலைக்கு வந்து, "அந்தம்மா ஒன்னய ஒடனே வரச் சொல்றாங்க" என்றார்.

ஆசிரியரின் மனைவி குழந்தையை மார்போடு அணைத்து, இரண்டு கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தார். திரையில் பதினாறு டிகிரி என்று காட்டியது. நெருப்புச் சின்னமும் இருந்தது. ஹீட்டரைத் தொட்டேன். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

"சின்னம் எரியுதுதானே எண்டு நானும் நம்பி இருந்திட்டன் தம்பி. பிள்ளையின்ரை காலெல்லாம் குளிர்ந்துபோச்சு. பாலும் குடிக்கேல்லை. எது பிழை? புதுசோ, ஹீட்டரோ?"

டைமரைப் பார்த்ததும் புரிந்தது. எட்டு மணிக்கே அது ஹீட்டருக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்திவிட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் சூடு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ரெண்டும் சரியாத்தாங்க இருக்கு. பழச நான் கழட்டாம விட்டுட்டேங்கம்மா."

மெயினை அணைத்தேன். டைமரைக் கழற்றி, அதற்குள் போய்வந்த கம்பிகளை நேராக இணைத்து மூடினேன். மெயினைப் போட்டுச் சில நிமிடங்களில் ஹீட்டர் சுடத் தொடங்கியது. நான் ஓடிப்போய்த் தோட்டத்து மருத்துவிச்சியைக் கூட்டிவந்தேன். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "மார்லயே வச்சிருங்க, எறக்காதீங்க" என்றார். மூன்றரை மணிக்குக் குழந்தை பால் குடித்தது. அதுவரை நான் விறாந்தையிலேயே நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

ஆசிரியர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஒரு தாளை நீட்டி, மின்சாரம் போகிற வழியைக் கீறிக் காட்டச் சொன்னார். கீறினேன். கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டும் ஓம் எண்டாத்தான் ஹீட்டர் வேலை செய்யும். ஒண்டு மாட்டன் எண்டா முடிஞ்சுது."

"ஆமாங்க சேர்."

"இது காலமையே உமக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

குழந்தை தேறி, தவழ்ந்து, அந்த வீட்டிலேயே நடக்கவும் பழகியது. அதன் பிறகு அவர்களுக்கு இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் போனார்கள். அடுத்து வந்த ஆசிரியர் தனியாள். சூடு தானாக வருவதும் போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. சாதாரண சுவிட்ச் ஒன்று போட்டுத் தரும்படி கேட்டார். முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டுக் கொடுத்தேன்.