ஃபெயில் என்று எழுத வராத கை

புள்ளியியல் தாளில் நான் மூன்றாவது முறையாகத் தோற்ற அன்று அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, "இன்னொரு தடவ எழுது. அதுவும் போச்சுன்னா காலேஜு போதும். பேக் கம்பெனில லைனிங் ஒட்டுத வேலைக்கு ஆள் கேக்காவ" என்றார்.

பம்பாயில் தோற்ற தாளுக்குக் 'கே.டி.' என்று பெயர். முதல் வருடத்துக் கே.டி. பாக்கியிருந்தால் மூன்றாம் வருடத்துக்குள் விடமாட்டார்கள். எனக்குப் பாக்கி இந்த ஒரே தாள். தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேர் தோல் பை செய்கிறவர்கள்தான். அந்த வேலையை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம். ஏன் என்று அப்பா கேட்டிருந்தால் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க முடியாது. பசை வாடை வந்தாலே எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான் தெரியும்.

கல்லூரியில் எழுதிக் கொடுத்து விடைத்தாளின் நகலை வாங்கினேன். கணக்குகள் பெரும்பாலும் சரி. கடைசி வரிகளில்தான் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் நான் எழுதிய 'அக்செப்ட்'. ஐந்து கணக்கில் ஐந்து வட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வெட்டு. தேறுவதற்கு எனக்குக் குறைந்ததோ எட்டு. வராந்தாவில் நின்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், வெட்டியது மட்டும் பத்து.

வகுப்பில் சொல்லித் தந்தது இதுதான். முதலில் 'வித்தியாசம் ஒன்றுமில்லை' என்று ஒரு கூற்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நல் ஹைப்பாதிசிஸ் என்று பெயர். கையிலிருக்கும் எண்கள் அதைத் தள்ளும் அளவுக்கு வலுவாக இல்லையென்றால் 'வி ஃபெயில் டு ரிஜெக்ட்', அதாவது தள்ள முடியவில்லை என்று முடிக்க வேண்டும். என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. பரீட்சையில்தான் கை வரவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். டப்பா காலியானால் 'அரிசி இல்ல' என்று சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். 'அரிசி வாங்கணும்' என்று சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்தவள், பரீட்சைத் தாளில், சொந்தக் கையால் ஃபெயில் என்று எழுதுவேனா? தள்ள முடியவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மங்களகரமாக 'அக்செப்ட்' போட்டேன். மூன்று தடவையும் போட்டேன்.

கல்யாண் பக்கமிருந்து லோக்கல் ரயிலில் வரும் என் வகுப்புத் தோழியிடம், கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் நகலைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அரே பாகல், பைத்தியக்காரி, ஃபெயில்னு எழுதலைன்னாதான் நீ ஃபெயில்!"

"தள்ள முடியலன்னாலும் ஏத்துக்கிட்டாலும் ஒண்ணுதானட்டி?"

"எப்பிடி ஒண்ணாகும்? கம்மல் தொலைஞ்சுடுச்சு. தேடுற, கிடைக்கலை. உடனே வீட்டுலயே இல்லைன்னு சொல்லிடுவியா? நீ சரியா தேடலையோ என்னவோ."

கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது உண்மையான எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று பார்க்கும் கணக்கிலும் அதே கூத்து. கேள்வியில் வந்த ஒரு கம்பெனி, தன் பாக்கெட்டின் சராசரி எடை ஐநூறு கிராம் என்கிறது. நான் போட்ட கணக்கில் அது 492.74க்கும் 501.26க்கும் இடையில் இருக்கலாம் என்று வந்தது. ஐநூறு உள்ளே இருக்கிறது, ஆகவே ஐநூறுதான் என்று முடித்திருந்தேன்.

"உள்ள ஐநூறு மட்டுமா இருக்கு? நானூத்தித் தொண்ணூத்தஞ்சும்தான் இருக்கு. அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அதில் ஒன்றரை வருடம் போயிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண் நிறைந்துவிட்டது. மூன்று தடவை தோற்றிருக்கிறேன். அதனால் என்னால் முடியவே முடியாது என்று ஆகிவிடுமா? ஆகாது என்று அந்தப் பாடமே சொல்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கையைப் பழக்க வேண்டியிருந்தது. ஒரு நோட்டு முழுக்க அந்த ஒரே வரியை எழுதினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் என் ரிசல்ட்டை மூன்று முறை பார்த்ததில் அந்த நான்கு எழுத்து மட்டும் அத்துப்படி. பரீட்சைக்கு முந்தின நாள் நோட்டைத் திறந்தவள் அலறிவிட்டாள்.

"ஏட்டி மூதி! நாளைக்குப் பரீட்சைய வச்சிக்கிட்டு இதையாட்டி எழுதி வச்சிருக்க? உருப்படுவியா நீ?"

பக்கத்தைக் கிழித்தாள். நான் பிடுங்கினேன். "இத எழுதலன்னாதாம்மா உருப்பட மாட்டேன்!" என்று கத்தினேன். அவளுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. எனக்கே புரிந்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. பத்துக்குப் பத்து அறையில் எங்கே போய் அழுவது? ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதோம். மறுநாள் காலை திருநீறு பூசிவிடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பரீட்சையில் முதல் கணக்கின் விடை 1.8 என்று வந்தது. அட்டவணையில் இருந்த எல்லையோ 2.064, அதைத் தாண்டவில்லை. தள்ள முடியாது. 'வி' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். என் வாழ்க்கையையே நானே கெடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று நிஜமாகவே பயந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அடுத்த கணக்கிலும் எழுதினேன். மொத்தம் நான்கு முறை. கடைசிக் கணக்கில்தான் எண் பெரிதாக வந்தது. 'ரிஜெக்ட்' என்று எழுதலாம். அதற்குப் போய் எனக்கு ஏதோ பரிசு கிடைத்ததுபோல் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கல்லா?" என்று அம்மா தினமும் கேட்டாள். நானும் தினமும், "சொல்ல முடியாதும்மா" என்றேன். நல்லா எழுதியிருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவேன் என்று அவள் கோபித்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிசல்ட் வந்தது. பாஸ். போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் திரையை விரலால் பெரிதாக்கி என் பேரைச் சரிபார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு தன் போனை எடுத்து, எங்கள் சந்து முனையில் பேக் கம்பெனி வைத்திருந்தவரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமயிலருந்து புள்ளைய அனுப்புதேன்னு சொல்லியிருந்தேம்லா..."

அவர் அப்படிச் சொல்லியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது போலிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல், மன்னிப்புக் கேட்கிற குரலில் போனில் சொன்னார்:

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. புள்ள பாஸாயிட்டா."