கட்டைக் குரலில் அழுத குழந்தை

பூந்தமல்லியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் தாயம்மா ஆயாவாக இருந்தாள். குத்தம்பாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், முப்பது வயதில் இந்த வேலைக்கு வந்தாள். பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் அப்பனிடம் காட்டுவது அவளுக்குப் பிடித்த வேலை. ஏழு வருடத்தில் ஒருவர்கூட அவள்மேல் குறை சொன்னதில்லை.

1971-ல் முதல் ஆளாகத் தங்கவேல் குறை சொன்னான். அம்பத்தூர்த் தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவன். மூடிய கதவுக்கு அப்பால் கட்டைக் குரலில் ஓர் அழுகை கேட்டதும், “ஆம்பளப் புள்ளதான்!” என்று குதித்தான். தாயம்மா கொண்டுவந்து காட்டியதோ பெண் குழந்தை.

“இன்னா ஆயா, புள்ளய மாத்திட்டியா? பக்கத்துக் கட்டில்ல ஆம்பளப் புள்ள கீதாமே!”

குழந்தையை வாங்க மறுத்துவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனான். உள்ளே இதைக் கேட்ட அவன் மனைவி பொன்னியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “ஆணோட குரலைத் தடிக்க வைக்கிற ஹார்மோன் பன்னிரண்டு, பதிமூணு வயசுலதான் அந்த வேலையைச் செய்யும். பிறந்த குழந்தை அழுறதைக் கேட்டு ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாதுப்பா.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மிஷின் சத்தத்த வெச்சே கோளாறு சொல்றவன் நானு. என் காது பொய் சொல்லாது.”

தாயம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். வேலை போனால் போகட்டும். பெற்றவனே தொடாத குழந்தையை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மறுநாள் காலை குளிப்பாட்டும் நேரத்தில் அவனை வார்டுக்குள் கூப்பிட்டாள். நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள்.

“நைனா, ரெண்டு கொழந்தையும் இங்க கீது. உன் காதால கேட்டுச் சொல்லு.”

தண்ணீர் பட்டதும் முதல் குழந்தை கீச்சென்று அழுதது.

“இது பொண்ணு” என்றான்.

அடுத்தது கட்டைக் குரலில் வீறிட்டது.

“தோ! நேத்து நான் கேட்ட கொரலு இதான். இதான் என் புள்ள!”

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லு.”

“சத்தியமா!”

தாயம்மா திரையை விலக்கினாள். அவள் மடியில் அழுதுகொண்டிருந்தது பெண் குழந்தை.

தங்கவேல் குனிந்து குழந்தையைப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலிலிருந்து, ஆண் குழந்தையைப் பெற்ற நாகவல்லி சிரித்தாள். “இன்னா அண்ணாத்தே, என் கீச்சுக்கொரலு பையன் வேணுமா?”

“வாணாம்மா. என்னுது இதான்” என்று கைகளை நீட்டினான்.

“தலையத் தாங்கிப் புடி” என்றாள் தாயம்மா.

குழந்தையோடு மனைவியிடம் போனான். “பொன்னி, என் காதுதான் ரிப்பேரு.”

அவள் உடனே திரும்பவில்லை. குழந்தை மறுபடி சிணுங்கியதும், “இப்பிடி வையி. பசிக்கும் அதுக்கு” என்று முந்தானையை விலக்கினாள்.