ஊறப்போட்ட விதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சென்டரிங் பலகை தூக்கி ஆரம்பித்து, பொம்மனஹள்ளியில் பாதித் தெருவுக்குத் தளம் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுத் தளத்துக்கு மட்டும் கம்பியை இன்னும் நெருக்கிக் கட்டினேன், மாடியில் மண் கொட்டி அவரைப் பந்தல் போடுவதற்காக. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அது பனியில் காய்க்கும் நாட்டு அவரை. காயைத் தொட்டால் தோலிலிருக்கும் எண்ணெய் விரலில் ஒட்டும். சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. கன்னடத்தில் அதைச் சொகடு என்பார்கள். தொண்ணூறுகளில் வருஷமெல்லாம் காய்க்கும் புது ரகம் வந்தது. காய் பளபளவென்று இருக்கும், மணம் மட்டும் கிடையாது. எல்லோரும் அதற்கு மாறினார்கள். எனக்கு விதை கொடுத்த தோட்டக்காரரும் நிலத்தை லேஅவுட் போட விற்றுவிட்டார். அதன்பின் எனக்குத் தெரிந்து அந்த விதை என் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

ஒரு வருஷம் மார்கழியில் ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. பனி விழ வேண்டிய நேரத்தில் மழை கொட்டிப் பூவெல்லாம் உதிர்ந்தது. தப்பிய காய்களை முற்றவிட்டு, கிடைத்த கொஞ்சம் விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தேன், ஆடியில் விதைக்க.

சித்திரையில் சம்பந்தி வீட்டார் மறுநாள் வருவதாகப் போன் செய்தார்கள். காலையில் பால் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனால், என் மனைவி பிதுக்குப் பருப்புக் குழம்புக்காக, ஊறிய கொட்டையைத் தோல் நீக்கிக்கொண்டிருக்கிறாள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி, அது விதைடி!"

"விதைய யாராவது பருப்பு வரிசையில வெப்பாங்களா? ஒரே சாம்பலா இருக்குதேன்னு கழுவிக் கழுவி என் கைதான் ஓஞ்சுது."

தோல் போனது போனதுதான். பிதுக்காமல் கிடந்ததை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஊறிய விதை ஆடிவரை காத்திருக்காது, அப்போதே நட்டேன். சம்பந்திக்குக் குழம்பு தண்ணீராகத்தான் போயிற்று.

வெயிலிலும் முளைக்க வைத்தேன் பாருங்கள், அதுதான் என் கை. ஆனால் நாட்டு அவரை பகல் குறுகிக் குளிர் தட்டினால்தான் பூக்கும். ஆவணி முடிந்தும் வெறும் இலைதான். கொடி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, பக்கத்து வீட்டு ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுக் கன்னடத்து அம்மா தன் மாடியிலிருந்து கத்தினார்.

"ஏன் அண்ணா, இது அவரேகாயா, ஆட்டுக்குத் தழையா? என் டிவில சீரியல்காரி மூஞ்சியே தெரியல!"

"கார்த்திகை வரட்டும்மா. வாசனை உன் வீட்டு அடுப்பு வரைக்கும் வரும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, விடிந்ததும் போய்க் கணுக்கணுவாகத் தடவிப் பார்ப்பேன். அசுவினிப் பூச்சி அப்பியது, சாம்பல் தூவி விரட்டினேன். இந்தக் கொடியும் போனால் விதைக்கு நான் எங்கே போவேன்?

அந்த வருஷம் குளிர் ஏமாற்றவில்லை. கார்த்திகையில் பூ, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய். மனைவி கூடையோடு வந்தாள். முதல் கொத்துகள் எல்லாம் விதைக்கு என்று தடுத்துவிட்டேன். விதை காய்ந்ததும் ஒக்கலிபுரத்திலிருக்கும் தங்கைக்கும், என்னிடம் வேலை பார்த்த மேஸ்திரிக்கும், ஆன்டெனா அம்மாவுக்கும் பங்கு கொடுத்தேன். ஒரே வீட்டில் வைத்திருந்ததால்தானே ஒரே காலையில் தீரப் பார்த்தது?

இரண்டு வருஷம் கழித்து என் கொடி நோயில் பட்டுப்போனது. ஆன்டெனா அம்மா வீட்டில் வாங்கித்தான் மறுபடி நட்டேன். இப்போதும் அவர் மாடியில் காய் பறித்தால், "அது என் விதைம்மா" என்று நான் சொல்லாமல் விடுவதில்லை.

"ஆமா அண்ணா," என்பார், "தண்ணி ஊத்தறது மட்டும் நானு."