ஏழாவது நிபந்தனை

எங்கள் சங்கம் எதையும் ஒரே கூட்டத்தில் தீர்மானித்ததாக வரலாறு இல்லை. பொங்கலுக்கு வடை சுடுவதா, கடையில் வாங்குவதா என்பதற்கே இரண்டு கூட்டம் வைத்தவர்கள் நாங்கள். அதனால் நாங்கள் விட்டுவந்த நாட்டின் தூதரகம் கடவுச்சீட்டு, சான்றிதழ் கொடுக்க நடத்தும் நடமாடும் சேவை முகாமுக்கு, ஆக்லண்டில் இருக்கும் எங்கள் சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தைக் கொடுப்பதா என்ற கேள்வி மூன்று கூட்டத்தோடு முடிந்தது எனக்கே அதிசயம். நான் செயலாளர். மூன்றுக்கும் குறிப்பெழுதியவள் நான்தான்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றார் தலைவர். "வயசுபோனதுகள் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக வெலிங்டன் மட்டும் போகேலுமோ? வருசத்தில ஒரு நாள் உவை இஞ்ச வந்து இருந்தா எங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

ஹில்ஸ்பரோவிலிருந்து வரும் அண்ணை மேசையில் அடித்தார். அவருடைய தம்பியை இராணுவம் கூட்டிக்கொண்டு போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். "எங்கள அடிச்சுக் கலைச்ச அரசாங்கம் எங்கட மண்டபத்தில கொடி வைச்சுக்கொண்டு இருக்கும். நாங்கள் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறதோ?"

இரண்டு கூட்டம் இப்படியே போனது. இரண்டு பேரும் முகம் பார்ப்பதை விட்டார்கள். மூன்றாம் கூட்டத்தில் அண்ணை ஒருபடி இறங்கினார்.

"சரி, வரட்டும். ஆனா விசா முடிஞ்சு களவா நிக்கிற ஆக்களையும் இந்தச் சாட்டில கூப்பிட்டு அடுக்கேலாது. நாளைக்கு இமிகிரேஷன்காரன் வந்து வாசல்ல நிப்பான். எங்கட பேர்தான் கெடும்."

"அது நூற்றுக்கு நூறு உண்மை," என்றார் தலைவர்.

எல்லாத் தலைகளும் ஆடின. என் தலையும் ஆடியது. அந்த அறையில் இருந்த ஒன்பது பேரில் ஒழுங்கான விசாவோடு இந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள் இரண்டு பேர். நான் ஆக்லண்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது என் கையில் இருந்தது வேறொருத்தியின் கடவுச்சீட்டு. அவளுக்கு என்னைவிட அகலமான நெற்றி. அந்த வித்தியாசத்தை மறைக்க முடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தேன். குடிவரவு அதிகாரி படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அப்படி வந்த நான்தான், மூன்றாம் கூட்டம் முடிந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தூதரகம் அனுப்பிய அறிவித்தலில் இருந்த ஆறு நிபந்தனைகளுக்குக் கீழே ஏழாவதைத் தட்டினேன். "செல்லுபடியாகும் நியூசிலாந்து விசாவின் பிரதி இன்றி டோக்கன் வழங்கப்படமாட்டாது." எழுத்தின் அளவையும் வகையையும் மற்ற ஆறுக்கும் பொருத்தினேன். பார்ப்பவர்களுக்கு அதுவும் தூதரகம் சொன்னதுபோலவே இருந்தது. செய்த வேலையில் எனக்குப் பெருமைகூட.

மத்தியானச் சாப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்கு மட்டும் விவாதம் வரவில்லை. ஏவன்டேலில் இருக்கும் அந்தப் பெண்பிள்ளைதான். எங்கள் பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் அவள்தான் சமைப்பாள். சொந்தக்காரரின் கைக்குழந்தையைப் பார்க்கவென்று விசிட்டர் விசாவில் வந்தவள். சொந்தக்காரர் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். இவள் ஒரு வீட்டின் கராஜில் தங்கிவிட்டாள். எட்டு வருடம். அவளுக்கு விசா இல்லை என்பது அவளுடைய இடியப்பத்தையும் தேங்காய்ப்பால் சொதியையும் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். 'களவா நிக்கிற ஆக்கள்' என்று அண்ணை சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டோம்.

முகாம் நாளன்று காலை எட்டு மணிக்கே அவள் சட்டிகளோடு வந்து சமையலறையில் இறங்கிவிட்டாள். பத்து மணிபோல, ஏப்ரனைக் கழற்றி, தலையை வாரி, ஒரு நீல ஃபைலோடு நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த வாசல் மேசைக்கு வந்தாள். வரிசையில்தான் வந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒண்டு தாங்கோ."

"விசா பிரதி இருக்கோ?"

அவள் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்தது. அவளுடைய சட்டத்தரணி போட்ட விசேட கோரிக்கையைப் பரிசீலித்ததாகவும், செல்லுபடியாகும் கடவுச்சீட்டை ஏழு கிழமைக்குள் காட்டினால் வேலை விசா வழங்கத் தயார் என்றும் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். இப்படியொரு கடிதம் லேசில் யாருக்கும் கிடைப்பதில்லை.

"பாஸ்போட் முடிஞ்சு நாலு வருசம் அக்கா. அதப் புதுசாக் காட்டினா விசா தருவினம். விசா இருந்தாத்தான் உள்ளுக்கு விடுவியள் எண்டா நான் எங்க போறது?"

ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுக்க ஒரு விநாடி போதும். எனக்குப் பின்னால் தலைவரும் ஹில்ஸ்பரோ அண்ணையும், மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதையும்விட ஒன்று இருக்கிறது, சொல்லவே கூசுகிறது. வாசலில் நின்று 'இல்லை' என்று சொல்லும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. வாழ்நாளில் பாதியை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கழித்தவள் நான்.

"இது தூதரகத்தின்ர விதி, பிள்ளை. எங்கட கையில ஒண்டும் இல்லை. நீர் வெலிங்டனுக்குப் போய்க் குடுத்துப் பாரும்."

அவள் கடிதத்தை மடித்து உள்ளே வைத்தாள். நான் அதோடு விட்டிருக்கலாம்.

"சொதி காணுமோ? நூற்றிருபது பேர் வருவினம்," என்றேன்.

"காணும், அக்கா."

ஒரு மணிக்குச் சாப்பாடு. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாப்பாடு நீட்டும் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பக்கத்து மேசையில்தான் தூதரக அதிகாரியை இருத்தினோம். சிங்களவர். வகுப்புக்குப் போய்ப் படித்த தமிழ் பேசினார். மூன்று கூட்டம் கத்திய ஹில்ஸ்பரோ அண்ணை அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி சாப்பாட்டை ரசித்தார். பிறகு என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"அம்மா, எல்லா விண்ணப்பத்திலும் விசா பிரதி இருக்கிறது. அது எதற்கு? நாங்கள் விசா கேட்பதில்லை. எங்கள் நாட்டுப் பிரஜையாக இருந்தால் போதும்."

"ஒரு ஒழுங்குக்காகத்தான்," என்றேன்.

"யாரையும் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். நாங்கள் நான்கு மணி வரை இருப்போம். இன்று எடுப்பது எல்லாம் ஒரே கட்டாகப் போகும், விரைவில் வந்துவிடும்."

மூன்று மணித்தியாலம் இருந்தது. அவள் பத்து அடி தூரத்தில் இருந்தாள். தலைவர் இலைக்குள் குனிந்துகொண்டார். அவளைக் கூப்பிட்டால் காலையில் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். அதிகாரிக்கு முன்னால், அவ்வளவு பேருக்கு முன்னால், ஏழாவதை யார் எழுதியது என்ற கேள்வி வரும். அதிகாரியின் சொதிக் கோப்பை வெறுமையாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான் போவதற்குள் அவளே ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடும்," என்றேன். முகத்தைப் பார்க்காமல் கோப்பையை மட்டும் பார்த்தேன். அவள் நிறைத்துத் தந்தாள்.

அவள் வெலிங்டனுக்குப் போகத்தான் செய்தாள். தூதரகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்கவே மூன்று கிழமை ஆனது. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போய் விண்ணப்பம் கொடுத்தாள். கடவுச்சீட்டு வந்தபோது கடிதத்தில் இருந்த திகதி தாண்டிப் பதினொரு நாள். சட்டத்தரணி தவணை கேட்டார், தரவில்லை. அந்தப் புதுக் கடவுச்சீட்டில் அவள் போன ஒரே பயணம் திரும்பிப் போனதுதான்.

இந்த வருடமும் முகாம் நடந்தது. தலைவருடைய மைத்துனியின் மகனுக்கு மாணவர் விசா முடிந்திருந்ததால் ஏழாவது நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னார்கள். கூட்டம் எதுவும் வைக்கவில்லை; தொலைபேசியில் ஒரு வார்த்தை. நான்தான் அழித்தேன். சாப்பாடு வேறு இடத்திலிருந்து வந்தது. சொதி தண்ணீராக இருக்கிறது என்று குறைப்பட்ட ஹில்ஸ்பரோ அண்ணை, "அந்த ஏவன்டேல் பிள்ளை எங்க?" என்று கேட்டார். "அவ நாட்டுக்குப் போட்டா," என்றேன். "ஐயோ, நல்ல கை," என்றார்.

போவதற்கு முந்தின கிழமை அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தன் பெரிய சட்டியை வாசலில் வைத்தாள்.

"இதக் கொண்டுபோகேலாது அக்கா. சங்கத்துக்கு உதவும், வைச்சிருங்கோ."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, திகதி அவ்வளவு கிட்டவாக இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று தொடங்கினேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தவள் நான். அவள் என்னை முடிக்க விடவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"அண்டைக்கு அந்தத் தூதரக ஐயா கதைச்சது எனக்கும் கேட்டது அக்கா."

நான் வெட்கமில்லாமல், "அப்ப ஏன் பிள்ளை நீரே வெளிய வரேல்லை?" என்று கேட்டேன். குற்றத்தில் ஒரு பங்கையாவது அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

"இல்லை எண்டு சொன்னது நீங்கள். ஓமும் நீங்கள்தானே சொல்லவேணும்," என்றாள். "நீங்கள் எழும்பி ஜன்னலுக்கு வாறதக் கண்டனான். கூப்பிடத்தான் வாறியள் எண்டு கையத் துடைச்சுப்போட்டு, ஃபைலையும் எடுத்துக்கொண்டு வந்து நிண்டனான். நீங்கள் கோப்பைய நீட்டினியள்."