படகு மோட்டாருக்கு அண்ணன் செய்த ஸ்டாண்டு

எங்கள் அண்ணன் வில்பட்டியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியபோது பத்தாம் வகுப்பில் இருந்தவர், படிப்பை நிறுத்திக்கொண்டு கொடைக்கானல் ஏரியில் ஒரு தனியார் படகுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி தங்கைகள் நால்வரையும் அந்த வேலையில்தான் படிக்க வைத்தார்.

துறையில் ஆபத்துக்கென்று ஒரு மோட்டார் படகு உண்டு. அடிக்கடி தேவைப்படாததால் மோட்டாரைக் கழற்றி ஷெட்டில் தரையில் படுக்கப் போட்டிருப்பார்கள். ஒரு மழைக்காலப் பிற்பகலில் ஏரி நடுவே படகு ஒன்று கவிழ்ந்தது. மோட்டாரை ஓடிப்போய் மாட்டி, கயிற்றை எத்தனை முறை இழுத்தும் கிளம்பவில்லை. அண்ணன் துடுப்புப் போட்டே போய் அதிலிருந்த மூவரையும் மீட்டார். கடைசியாக ஏற்றிய பெண்ணுக்கு நினைவு திரும்ப வெகுநேரம் ஆனது. எல்லோரும் பாராட்டினார்கள், அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா அந்தப் பிள்ளை இல்லம்மா" என்றார் என்னிடம்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். படுக்க வைத்ததில் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தது; அதனால்தான் கிளம்பவில்லை. நேராக நிறுத்தி வைக்க ஸ்டாண்டு கேட்டபோது துறை மேலாளர் சிரித்தார்: "எப்பவோ ஓடுற மோட்டாருக்கு ஸ்டாண்டாண்ணே? வேற சோலியைப் பாருங்க."

அண்ணன் வீட்டிலிருந்த சில்வர் ஓக் கட்டைகளை அறுத்தார். இரண்டு கால்கள், மேலே மோட்டாரைக் கவ்விப் பூட்டக் குறுக்குப் பலகை. மோட்டாரை மாட்டியதும் ஸ்டாண்டு முன்பக்கம் சாய்ந்து அவர் கால்மீதே விழுந்தது. பெருவிரல் நசுங்கியது.

"இன்னுமா அதை விடல நீங்க?" என்று கடிந்தார் அண்ணி.

"விழுந்ததாலதான் பாரம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரிஞ்சுச்சு."

விரல் கட்டோடு உட்கார்ந்து, அடிக்கட்டையை முன்னால் நீட்டி, சாய்வாகத் தாங்கல் கொடுத்து, சக்கரமும் பூட்டி மறுபடி செய்தார். அடுத்த ஆண்டு காற்றில் இன்னொரு படகு கவிழ்ந்தது. ஸ்டாண்டைக் கரைவரை உருட்டிப்போய் மோட்டாரை மாட்டினார்கள். ஒரே இழுப்பு. தண்ணீரில் விழுந்தவர்கள் பயம் தெளியுமுன் கரையில் இருந்தார்கள். அன்று மாலையே மேலாளர் வீடு தேடி வந்து, "நான் சிரிச்சது தப்புண்ணே" என்றார்.

அண்ணன் கடைசியாக நோயில் படுத்த மாதங்களில், எங்கள் வீட்டுச் செங்குத்துப் பாதையில் அவரை நாற்காலியோடு சாலைவரை தூக்கிச் சென்ற படகோட்டிகளுக்கும், இரவுபகல் பார்த்த செவிலியர்களுக்கும், பழனியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மலையேறி வந்து எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைசி நாள், பார்க்க வந்த படகோட்டிகள் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"மேகம் எறங்குது. வெரசாப் போயி ஆளுகளக் கரையேத்துங்கடா."

அவர்கள் போனார்கள்.