பேயின் தாலாட்டு

சென்ற வாரம் தபால்காரர் ஒரு சதுரப் பார்சலைத் தந்துவிட்டுப் போனார். மனைவி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "சுவர்க் கடிகாரமாங்க?" என்றாள். "ஆமா" என்றேன். உண்மையைச் சொல்வதற்கு ஒரு நல்ல நேரம் வரும். அது அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

உள்ளே இருந்தது ஒரு பேய்ப்படத்தின் பின்னணி இசைத்தட்டு. நம் இலங்கையிலேயே எடுத்த பழைய தமிழ்ப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன் — சிரிப்பீர்கள். படம் ஓடியபோது பேயைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. தியேட்டர்காரர்தான் காலிக் கதிரைகளைப் பார்த்துப் பயந்தார். பிறகு படச்சுருள் தீயில் போனது. எந்தக் கலவரத்துத் தீ என்று நம் நாட்டில் யார் கேட்கிறார்கள்? மிஞ்சியது இந்த இசை மட்டும். இப்போது உலகம் முழுக்க அதற்குச் சில கிறுக்கர்கள் ரசிகர்கள். அம்பிட்டியக் கிளைக்கு நான்தான் தலைவர். செயலாளரும், ஒரே உறுப்பினரும் நானே.

அசல் தட்டு ஒரு காலத்தில் என்னிடமே இருந்தது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு வயலின் வரும். செத்துப்போன தாய் பேயாகத் திரும்பிவந்து, தொட்டிலில் கிடக்கும் தன் பிள்ளையைத் தாலாட்டுகிற கட்டம். அதைக் கேட்டால்... விடுங்கள், எழுத வரவில்லை.

எப்படி இழந்தேன்? கண்டி ஈரத்தில் எதில்தான் பூஞ்சணம் பூக்காது? சப்பாத்தில் பூக்கும், கல்யாண அல்பத்தில் பூக்கும். தட்டிலும் பூத்தது. கெடுவதற்கு முன் பத்திரப்படுத்துவோம் என்று ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்தேன். தாலாட்டு தொடங்கும் நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து மனைவி அதே போனுக்குக் கோல் எடுத்தாள். "ஏங்க, தேங்கா ரெண்டு போதுமா, மூணு வாங்கவா?" பதிவு அங்கேயே நின்றது.

பரவாயில்லை, தட்டைக் கழுவிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று நினைத்தேன். கழுவினேன். காயட்டும் என்று தகரக் கூரைமேல் வைத்தேன். நாள்கணக்காக முகம் காட்டாத வெயில் அன்றைக்கென்று வந்தது. மத்தியானம் ஏறிப் பார்த்தால் — பொரித்த அப்பளம்!

கையில் மிஞ்சிய அரைகுறைப் பதிவைச் சேகரிப்பாளர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். எங்கோ ஒருவன் நல்ல பிரதி வைத்திருப்பான், ஒருநாள் வெளியே வரும் என்று காத்திருந்தேன். வருடங்கள் போயின. கடைசியில் அறிவிப்பு வந்தது: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, 'எஞ்சியவற்றுள் மிகச் சிறந்த மூலப் பிரதியிலிருந்து' புதுப்பித்து வெளியிடுகிறதாம். அதுதான் அந்தப் பார்சல்.

என் ப்ளேயர் செத்து நாளாகிறது. பார்சலைத் தூக்கிக்கொண்டு திகனவுக்கு ஓடினேன், ரேடியோ திருத்தும் நஸீர் நானாவின் கடைக்கு.

"என்ன தம்பி, பேய் வந்திட்டா?"

"வந்துருச்சு நானா. சீக்கிரம் போடுங்க."

தட்டு சுழன்றது. பேய் காட்டுக்குள் நடந்துவரும் கட்டம். மேளம் மெதுவாக அதிர்கிறது... அதற்குப் பின்னால், தூரத்தில், வேறொரு மெட்டு. முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

நானா கையிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரைக் கீழே வைத்தார். "தம்பி, பேய்க்குப் பின்னால பாண்காரன் வாறானே?"

"சும்மா இருங்க நானா."

"அல்லாவே, காதக் குடுத்துக் கேளுங்க! அந்தியில எங்கட ரோட்டால போற பாண் ஓட்டோ தானே இது? நிப்பாட்டினா சீனி பணிஸும் இரிக்கும்!"

பாணும் பணிஸும், அதாவது ரொட்டியும் பன்னும், விற்கும் ஓட்டோக்கள் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருக்களைச் சுற்றும். நான் போனில் பதிவு செய்த அன்று, எங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

தட்டோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினேன். ஓர் அறிஞர் எழுதியிருக்கிறார்: தொலைவில் கேட்கும் அந்த மெட்டு, பேய் தொலைத்த குழந்தைப் பருவத்தின் குறியீடாம். அதற்குள் தாலாட்டு தொடங்கியது. தொடங்கி... நின்றது. அதற்கும் விளக்கம் இருந்தது. முடிவை மௌனத்திடம் ஒப்படைக்கும் இசையமைப்பாளரின் துணிச்சலாம்!

மௌனமா ஐயா அது? தேங்காய் ரெண்டா மூணா என்ற கேள்வி!

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்ப... உங்கட போன்ல புடிச்சதுதான் ஆக நல்ல பிரதியா? வேற ஒண்டும் இல்லயா தம்பி?"

இல்லை. இருந்திருந்தால் இணையத்தில் நான் போட்டதை ஏன் எடுக்கிறார்கள்?

பழைய பொருள் சேர்ப்பவன் எதை நம்பி வாழ்கிறான், சொல்லுங்கள்? தன்னைவிடப் பொறுப்பான ஒருவன் எங்கோ இருக்கிறான் என்பதைத்தான். அந்தப் பொறுப்பானவன் நானேதான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? கூரையில் அப்பளம் பொரித்தவன்தான் உலகத்தின் ஆவணக் காப்பகம் என்றால், உலகம் இனி எதை நம்பும்?

வீட்டுக்கு வந்தேன். "கடிகாரம் ஓடுதாங்க?" என்றாள் மனைவி.

"நின்னுபோச்சு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவளுடைய போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அந்தக் கடைசி மெட்டு மனசுல இருக்குல்ல? பாடுங்க, புடிச்சு வைப்போம். இந்தத் தடவ நான் கோல் எடுக்க மாட்டேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். கண்ணை மூடினேன். தொட்டில், தாய், வயலின் — எல்லாவற்றையும் வரவழைத்துக்கொண்டு முனகினேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவள் போனை மெதுவாக இறக்கினாள்.

"ஏங்க... இது பாண்காரன் மெட்டுங்க."

மறுபடி முயன்றேன். அதே பாண். அந்தப் பதிவை இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு, வயலின் இருந்த இடத்தில் பாண்காரன் குடியேறிவிட்டான்.

அந்திக்கு அவன் எங்கள் தெருவால் போனான். என் தாலாட்டின் முழுப் பிரதி இப்போது அவனிடம்தான் இருக்கிறது.