மூன்றாவது கோப்பை

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்தும் மையில் விழுந்த எறும்பு நடந்தது போலத்தான் இருக்கும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. மாமா முன்னால் எழவே எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு முந்திரிக் கொல்லை உண்டு. அம்மாவைப் பெற்ற தாத்தா பிரித்துக் கொடுத்தது. கிணறு இருந்த மேட்டுப் பாதி அம்மாவுக்கு. சரிவாகப் போகும் கீழ்ப் பாதி அம்மாவின் அண்ணனுக்கு, அதாவது என் மாமாவுக்கு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பாவும் மாமாவும் சேர்ந்து அதில் ஒரு வரிசை ஒட்டுக் கன்று வைத்தார்கள். கோடையில் குடம் குடமாகத் தூக்கி ஊற்ற முடியாது என்று மாமா கறுப்பு டியூப் வாங்கி வந்தார். கிணற்று மேட்டில் ஒரு பிளாஸ்டிக் பேரலை ஏற்றி வைத்து, அதிலிருந்து டியூப்பைச் சரிவோடு இழுத்து, ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டார்கள். பதினான்கு கன்று, பதினான்கு துளை. முதல் ஏழு எங்களுடையது, கடைசி ஏழு மாமாவுடையது.

எல்லாத் துளையும் ஒன்றுபோல் சொட்டியதைப் பார்த்து மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பந்தியில மொத எலைக்கும் கடைசி எலைக்கும் ஒரே அளவு வெச்சாப்ல இருக்குது பாரு” என்றார்.

மூன்றாவது கன்று என்னுடையது என்று அப்பா விளையாட்டாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது வாரம் அது இரண்டு இலையை உதிர்த்தது. “இது தேறாது போலருக்குதே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் கோணி ஊசியை எடுத்துப் போய்த் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். மறுநாள் பக்கத்தில் இன்னொன்று குத்தினேன். அதற்கடுத்த நாளும் ஒன்று. கன்று செம்புநிறத் தளிர் விட்டது. பேரல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானது. வெயில் அதிகம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

மாமாவின் ஏழு கன்றுகளும் வாடத் தொடங்கின.

முதலில் அத்தைதான் வாய் திறந்தாள். “மேல் மடையில மாடு எறங்குனா கடை மடைக்குச் சேறுதான் வரும்.” அப்பா காதில் விழும்படியாகத்தான் சொன்னாள். நாலு நாள் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா கொடுத்த டீயை வாங்கவில்லை.

“மாப்ள, தண்ணிய எங்க நிறுத்துறீங்கன்னு சொல்லிடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்.”

“நான் எதுக்கு மச்சான் நிறுத்தப் போறேன்? தெறந்து வுடறதோட சரி.”

“அப்ப கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடறேன். அவரு வெசாரிச்சுக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. நடந்ததைக் காகிதத்தில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டால், குற்றவாளி யாரென்று சாமியே கண்டுபிடித்துக் கூலி கொடுத்துவிடும். பிராது கட்டின வீடும் கட்டப்பட்ட வீடும் அப்புறம் ஒரு பந்தியில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிராதில் அப்பா பேரைத்தான் எழுதுவார்கள். ஆனால் சாமிக்கு என்னைத் தெரியும்.

அம்மா பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். கோப்பைகளின் விளிம்பைத் துடைத்துச் சமன் செய்கிற வேலை. அவள்தான் வழி சொன்னாள். “சாமி வரைக்கும் ஏண்ணா போவணும்? நாளைக்கி ஒவ்வொரு கன்னுக்கடியிலயும் ஒரு கோப்பைய வெச்சுப் பாத்துடுவோம். யாருக்கு எவ்ளோன்னு தண்ணியே சொல்லிடும்.” தன் புருஷன் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

விடிந்ததும் ஓடினேன். விளையாட அம்மா கொண்டுவந்து கொடுத்திருந்த வெள்ளைக் களிமண் கையில் இருந்தது. நான் குத்திய துளைகளை எல்லாம் அதை வைத்து அடைத்தேன். பழைய துளையில் ஊசி முனையளவு மட்டும் விட்டேன். வேகாத மண் தண்ணீரில் கரையும் என்பது பீங்கான் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். பயத்தில் எனக்கு அது மறந்துவிட்டது.

எல்லோரும் வந்தார்கள். ஓரம் கோணிப்போனதால் கம்பெனி கழித்துவிட்ட பதினான்கு செகண்ட்ஸ் கோப்பைகளை அம்மா மண்ணில் பதித்து வைத்தாள். அப்பா திறந்துவிட்டார். சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோப்பையில் தண்ணீர் பால்போல் வெளுத்தது. மாமா கீழிருந்து ஒவ்வொரு கோப்பையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே மேலே வந்துகொண்டிருந்தார்.

அம்மா அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரில் விரலை விட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். டியூப்பைப் பார்த்தாள். பிறகு என் நகங்களைப் பார்த்தாள்.

“ஏன் இது மட்டும் இப்படி இருக்குது?” என்றார் மாமா.

“செகண்ட்ஸ் கோப்பைதானேண்ணா. பூச்சு சரியா வேவல. இப்பிடித்தான் பாலாட்டம் வுடும்.” சொல்லிக்கொண்டே அப்பாவிடம், “போதும், மூடுங்க” என்றாள்.

அதற்குமேல் மாமா கேட்கவில்லை. பீங்கான் விஷயத்தில் அவள் சொல்வதுதான் அவருக்குச் சட்டம். பதினான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் மண்ணுதான் சரியில்ல மாப்ள. ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்.” அம்மா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று கைதவறி உடைந்தது.

அடி விழும் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். விழவில்லை. சாயங்காலம் அம்மா மூன்றாவது கன்றடியில் இருந்த துண்டு டியூப்பை அறுத்துவிட்டு வேறு வைத்து இணைத்தாள். அடுத்த வாரம் மாமா தன் ஏழு கன்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போனார். பிடுங்கிய கன்றுகளில் இரண்டில் புதுத் தளிர் இருந்தது. சாமி என்னை விட்டுவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பொங்கல்தோறும் மாமா கரும்பும் மஞ்சளும் புடவையுமாகச் சீர் கொண்டுவருவார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைப்பாள். கட்டியதில்லை. “ஏம்மா, ஒங்கண்ணன் எடுத்தது புடிக்கலியா?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். “கலரு எனக்கு எடுப்பா இல்லண்ணி” என்றாள் அம்மா. நானும் கலர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடி என்று மாமா ஒரு புடவை கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினார். அவர் எடுத்ததில் அவள் கட்டிக்கொண்டு போனது அது ஒன்றுதான். அது என்ன கலர் என்றுகூட நான் பார்க்கவில்லை. காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது மற்றவை எல்லாம் கடை மடிப்புக் கலையாமல் இருந்தன.

என் பேரிலேயே நான் கட்டப்போகிற பிராது இது. பிராதில் தேதி விட்டுப்போகக் கூடாது என்பார்கள்.

மார்கழி 28, போகிக்கு முந்தின நாள்.